மூன்றாம் மாடி அட்டெண்டன்ஸ் நோட்டு

ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூறு. மாதம் பதினேழாயிரத்து எண்ணூற்றைம்பது வீதம் எட்டு மாதம். அந்த மால் படிக்காரருக்கு வைத்திருந்த சம்பள பாக்கி அது. கணக்குப் போட்டது அவர் மனைவி. லாண்டரியில் ஊரார் சட்டைக்கெல்லாம் இஸ்திரி போட்டபடியே மனதுக்குள் பெருக்கி முடித்துவிட்டாள். காலையில் அவர் செருப்பு மாட்டும்போது, "இன்னிக்கும் வெறுங்கையோட வந்தீங்கன்னா அந்த மாலுக்குள்ளேயே பாயைப் போட்டுக்குங்க. அங்கதான் இடம் காத்தாடுதே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வளையல் அடகுக்குப் போன கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சொன்னாள்.

படிக்காரர் என்பது மாலில் வைத்த பேர். பத்தொன்பது வருஷமாக அங்கிருந்த எஸ்கலேட்டர்களுக்கு எண்ணெய் விட்டு, சங்கிலி இறுக்கி ஓட வைத்தவர். "படிச்சவர் இல்லீங்க, படிக்காரர்" என்று அவரே சொல்லிக்கொள்வார். எட்டு மாதத்துக்கு முன் கரண்ட் பில் கட்டாமல் எஸ்கலேட்டர் எல்லாம் நின்றது. லிஃப்ட் நின்றது. விளக்கும் பம்பும் மட்டும் ஜெனரேட்டரில் ஓடின. அடுத்த வாரமே பின்பக்கப் படிக்கட்டில் கூரை பெயர்ந்து விழ, அங்கே இரும்புக் கதவு போட்டு வெல்டிங் வைத்துவிட்டார்கள். அன்று முதல் மேலே போக ஒரே வழி, நின்றுபோன எஸ்கலேட்டர்மேல் நடந்து போவது. கீழ்த்தளத்தில் ஒரு மருந்துக் கடையும் ஒரு மொபைல் ரிப்பேர் கடையும் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. மற்றதெல்லாம் ஷட்டர். முதல் மாடித் துணிக்கடைக் கண்ணாடிக்குள் கையில்லாத பொம்மைகள் இரண்டு, பாதி கிழிந்த 'எல்லாம் பாதி விலை' போஸ்டருக்குப் பின்னால் நின்றன.

புதுக் கம்பெனி ஒன்று அந்த மால் கட்டடத்தை வாங்கிவிட்டது. இடித்துவிட்டு இருபத்தெட்டு மாடி வீடுகள் கட்டப் போகிறது. பழைய ஆட்கள் ஐந்து பேருக்கும் மேனேஜருக்கும் உள்ள சம்பள பாக்கியைத் தானே கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. வருகைக்கு ஆதாரம் வேண்டும். மேனேஜர் வைத்திருக்கும் அட்டெண்டன்ஸ் நோட்டைப் பார்த்து, வந்த நாளுக்குக் காசு. இன்றைக்குக் கடைசி நாள். நாளைக் காலை தகரம் அடித்து வாசலை மூடுகிறார்கள்.

காலை 9.30.

புதுக் கம்பெனி அதிகாரி வந்தார். நாற்பது வயதுப் பெண். தோளில் லேப்டாப், முகத்தில் சிரிப்பு இல்லை, கடுகடுப்பும் இல்லை. "நோட்டு எங்க?"

"மூணாவது மாடி, என் ரூம்ல மேடம். நேத்து சாயங்காலம் நானே பீரோவுல வச்சுப் பூட்டினேன்" என்றார் மேனேஜர். முப்பது வருஷம் வெள்ளைச் சட்டை கசங்காமல் வந்தவர். இன்றைக்குக் கழுத்துப் பட்டி வியர்வையில் நனைந்திருந்தது.

எல்லோரும் கிளம்பினார்கள். முதல் எஸ்கலேட்டரில் முன்னால் போன மேனேஜரும் பின்னால் போன அதிகாரியும் காலை வைத்ததுமே முன்பக்கமாக ஆடி, கைப்பிடியைப் பிடித்து நின்றார்கள். படிக்காரர் ஓடிப்போய் மேனேஜரின் முழங்கையைத் தாங்கினார்.

"மெதுவா சார். பணம் வர்ற நாளன்னிக்குப் பல்லு போயிடப் போகுது" என்றாள் பின்னால் வந்த, தரை துடைக்கும் மாப் அக்கா. இரண்டு கையிலும் இரண்டு வாளித் தண்ணீர். அவள் பேசிக்கொண்டே ஏறினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. இரண்டாவது எஸ்கலேட்டரிலும், மூன்றாவது எஸ்கலேட்டரிலும் முன்னால் போனவர்களுக்கு அதே ஆட்டம்தான்.

மேனேஜர் தன் சாவியால் ரூமைத் திறந்தார். பீரோ சாவி எப்போதும் போலக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. பீரோவைத் திறந்தார். பழைய பில் கட்டுகள், ஒரு உடைந்த ஸ்டேப்ளர். நோட்டு இல்லை.

"ஐயோ" என்று மேனேஜர் பீரோக் கதவைப் பிடித்தபடி நின்றார். "யாரோ எடுத்துட்டாங்க மேடம். போலீஸ்ல சொல்லி ஒரு சீட்டு வாங்கிடலாம். சீட்டும் என் கைப்பட ஒரு கடிதமும் இருந்தா நீங்க ஏத்துக்குவீங்க இல்ல?"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "நான் ஒரு மணிக்குக் கிளம்பணும்."

காலை 10.20.

இன்ஸ்பெக்டர் தனியாக வந்தார். முதல் எஸ்கலேட்டரிலேயே தடுக்கி, தொப்பி கழன்று உருண்டது. படிக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

"என்னய்யா இது? ஓடாதுன்னு தெரிஞ்சுதானே காலை வச்சேன்?"

"முதல் நாலஞ்சு நாளைக்கு எல்லாருக்கும் அப்படித்தான் சார். நின்னுபோச்சுன்னு கண்ணுக்குத் தெரியுது, காலுக்குத் தெரியலை. எஸ்கலேட்டரைப் பார்த்ததும் அது இழுக்கும்னு நினைச்சுக் கால் தானா முன்னால சாயுது. ஏறி ஏறிப் பழகினா சரியாயிடும்."

இன்ஸ்பெக்டர் ரூமைப் பார்த்தார். பூட்டில் கீறல் இல்லை. ஜன்னலில் கம்பி. திருடன் சாவி போட்டுத் திறந்து, சாவி போட்டுப் பூட்டியிருக்கிறான்.

"எத்தனை சாவி?"

"ரெண்டு" என்றார் மேனேஜர். "ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு கீழே வாசல் பலகையில."

வாசல்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வேறொரு செக்யூரிட்டி கம்பெனியின் ஆள். மேலே வர மறுத்துவிட்டார். "என் முட்டிக்கும் அந்தப் படிக்கும் ஆகாது சார்." எல்லோரும் கீழே இறங்கினார்கள். மேசைமேல் நீள நோட்டு ஒன்றை அவர் விரித்து வைத்தார். பம்ப் ரூம், ஸ்டோர், ஜெனரேட்டர், கழிவறை. காலையில் எந்தச் சாவியை யார் எடுத்தாலும் அதில் நேரம் எழுதிக் கையெழுத்து. சாயங்காலம் வைத்ததும் மறுபடி கையெழுத்து.

இன்ஸ்பெக்டரின் விரல் நேற்றைய தேதியில் இறங்கி நின்றது. "மூணாம் மாடி ஆபீஸ். எடுத்தது அஞ்சு பத்து. வச்சது அஞ்சு முப்பத்தஞ்சு. யார் கையெழுத்து இது?"

"என்னோடதுதான்" என்றார் படிக்காரர்.

"எதுக்கு எடுத்தே?"

"மேடம் வர்றாங்க, டியூப் லைட் எரியுதான்னு பாரு, எரியலைன்னா மாத்திடுன்னு மேனேஜர் சொன்னார்."

"ஒரு லைட் மாத்த இருபத்தஞ்சு நிமிஷமா?"

"ஸ்டார்ட்டரும் போயிருந்தது. நாற்காலிமேல ஏறித்தான் மாத்தணும். அந்த நாற்காலியில ஒரு விரல் கனத்துக்குத் தூசி. துடைச்சுட்டு ஏறினேன்."

"என்னைச் சொல்லாதீங்க அண்ணா" என்றாள் மாப் அக்கா சட்டென்று. "அந்த ரூமை சார் பூட்டியே வச்சிருப்பார். நான் எப்படிப் பெருக்குறது?"

இன்ஸ்பெக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. "பையைக் காட்டு."

பத்தொன்பது வருஷத்தில் அவர் பையை யாரும் தொட்டதில்லை. இன்ஸ்பெக்டர் மேசைமேல் கவிழ்த்தார். ஸ்பேனர், எண்ணெய்த் துணி, ஒரு பழைய சட்டை, டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்தார். மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பது படிக்காரருக்குத் தெரிந்தது. அவர் குனிந்து, உருண்டுபோன மூடியைப் பொறுக்கினார்.

"நோட்டை எடுத்து எனக்கு என்ன சார் லாபம்? அது இருந்தாத்தானே எனக்குச் சம்பளம்?"

"அதை நான் சொல்லட்டுமா?" இன்ஸ்பெக்டர் வாசல்காரர் பக்கம் திரும்பினார். "இந்த எட்டு மாசத்துல இவர் லீவு போட்டிருக்காரா?"

வாசல்காரர் தலையைச் சொறிந்தார். "நாலு மாசத்துக்கு முன்னால... ஒரு பதினோரு நாள் வரலை சார். பாவம், வீட்டுல உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில..."

"போதும். நோட்டு இருந்தா பதினோரு நாள் சம்பளம் கட். நோட்டு தொலைஞ்சா முழுச் சம்பளம். மேனேஜர் சார், நீங்க சொல்லுங்க. லீவு உண்டா?"

மேனேஜர் படிக்காரரைப் பார்க்கவில்லை. "இல்ல சார். ஒரு நாள்கூட லீவு போடலை. தினமும் வந்தார். நல்ல மனுஷன் சார் அவர். அவரை விட்டுடுங்க."

"உங்க நல்ல மனசை வச்சு நான் கேஸ் எழுத முடியாது" என்றார் இன்ஸ்பெக்டர். "பன்னிரண்டு மணி வரைக்கும் டைம் தர்றேன். நோட்டு எங்கேன்னு சொன்னா இங்கேயே முடிஞ்சிடும். இல்லேன்னா வண்டியில ஏறு."

காலை 11.15.

வறண்டுபோன நீரூற்றின் திட்டில் படிக்காரர் உட்கார்ந்திருந்தார். மாப் அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடிங்க அண்ணா. ஆறிடும்."

"உனக்கு எவ்வளவு பாக்கி?"

"தொண்ணூத்தி ஆறாயிரம். என் பையன் தினமும் கேக்குறான், 'மம்மி, உங்க ஆபீஸ் எப்ப இடிப்பாங்க?'ன்னு. இடிச்சாத்தான் சைக்கிள் வரும்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மேனேஜர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதுதான் மனதில் முள்ளாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் படிக்காரர் ரிப்பேர் கடைப் பையனிடம் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜரிடம் நேரில் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்த அன்று வாசலில் பார்த்தபோது, மேனேஜர் எப்போதும் போல, "என்னப்பா, சாப்பிட்டியா?" என்றார். பதினோரு நாள் காணாமல் போனவனிடம் கேட்கிற கேள்வியா அது? இரக்கத்தில் மறைத்தார் என்றால் சரி. தெரியவே தெரியாது என்றால்?

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

"அக்கா, மேனேஜர் தினமும் எப்ப வருவார்?"

"ஒன்பது மணிக்கு வாசல்ல பார்ப்பேன். 'அட்டெண்டன்ஸ் போட்டாச்சு, நீங்க வேலையைப் பாருங்க'ன்னு சொல்லிட்டு உள்ளே போவார். சாயங்காலம் அஞ்சுக்குத் திரும்பப் பார்ப்பேன்."

"நடுவுல?"

"மேலே ரூம்ல இருப்பார்." மாடியை அண்ணாந்து பார்த்தாள். "இருப்பார்னு நினைச்சேன்."

"மேலே ஏறும்போது ஒரு தடவையாவது பார்த்தியா?"

"இல்லையே அண்ணா" என்றாள் அக்கா.

காலை 11.50.

படிக்காரர் நேராக மேனேஜரிடம் போனார். அவர் மருந்துக் கடை ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்ஸ்பெக்டரும் அதிகாரியும்.

"சார்" என்றார் படிக்காரர் தாழ்ந்த குரலில். "நீங்களே சொல்லிடுங்களேன். நான் சொன்னா நல்லா இருக்காது."

மேனேஜர் நிமிரவில்லை.

"என்ன சொல்லணும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

படிக்காரர் காத்திருந்து பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "அந்த ரூம்ல திருட்டே நடக்கலை சார். நோட்டு அங்க இருந்ததே இல்லை. எட்டு மாசமா மேனேஜரே அங்க போனதில்லை."

"எப்படிச் சொல்றே?"

"நீங்க இன்னிக்கு முதல் எஸ்கலேட்டர்ல தடுக்கினீங்க. மேடமும் தடுக்கினாங்க. புதுசா ஏறுறவங்க தடுக்கத்தான் செய்வாங்க. அக்கா ரெண்டு வாளியோட ஏறுது, சொட்டு சிந்தலை. தினமும் ஏறுற கால் அது. மேனேஜர் சாருக்கு மூணாம் மாடியில ரூம். பின்படியை வெல்டிங் வச்சாச்சு, லிஃப்ட் கிடையாது. எட்டு மாசம் தினமும் போய் வந்தவர்னா இந்நேரம் தூக்கத்துலகூட ஏறலாம். ஆனா மேடம் எப்படி ஆடினாங்களோ அப்படியே ஆடினார். மூணு எஸ்கலேட்டர்லயும். முழங்கையைப் பிடிச்சது நான்தான். பயத்துல தடுமாறுறார்னு நினைச்சேன். பயந்த கால் நடுங்கும், முன்னால சாயாது."

இன்ஸ்பெக்டர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்புறம் நாற்காலி. தினமும் உட்கார்ற நாற்காலியில விரல் கனத்துக்குத் தூசி எப்படி வரும்? கடைசியா என் லீவு. என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றார்னு நீங்க நினைச்சீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அவருக்கு நான் வராததே தெரியாது சார். வந்தது யாரு, வராதது யாருன்னு பார்க்க அவர் இங்க இல்லை."

மேனேஜர் எழுந்தார். பின்வாசல் வழியாக முற்றத்துக்குப் போனார். இன்ஸ்பெக்டரும் கூடவே போனார். ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய தடித்த நோட்டை எடுத்துவந்து அதிகாரியின் கையில் கொடுத்தார்.

அதிகாரி புரட்டினார். பழைய மாதங்களில் நீல மையில் வரிசை வரிசையாக டிக். கடைசி எட்டு மாதங்களில் ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டிருந்தது. இடது ஓரத்தில் ஐந்து பேர் பெயரும் அழகான எழுத்தில் இருந்தது. கட்டங்கள் எல்லாம் காலி.

"சம்பளம் நின்ன முதல் மாசம், பேர் எழுதினேன்" என்றார் மேனேஜர். "வராத சம்பளத்துக்கு எதுக்கு டிக்குன்னு தோணுச்சு. அடுத்த மாசமும் பேர் மட்டும் எழுதினேன். எனக்கும் வீட்டுல அடுப்பெரியணுமே. ஆன்லைன்ல ஆர்டர் போடுறாங்க இல்ல, அந்தப் பொருளெல்லாம் கிளம்புற கிடங்கு ஒண்ணு பக்கத்துல இருக்கு. அங்க பெட்டிக்கு லேபிள் ஒட்டுறேன். காலையில இங்க முகம் காட்டிட்டுப் பின்வாசல் வழியா அங்க போயிடுவேன்." மாப் அக்கா பக்கம் திரும்பினார். "இங்க ஷட்டர் இறங்கின கடைங்க வித்த மாதிரி சாமானெல்லாம் இப்ப அங்கிருந்து என் கையாலதான் போகுதும்மா."

"ஒரு நாள் உட்கார்ந்து எல்லாத்துக்கும் டிக் போட்டிருந்தா யாருக்குத் தெரியும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தா, யார் என்னிக்கு வந்தாங்கன்னு ஒரு நாள்கூடத் தெரியலை. பொய்க் கணக்குன்னு கண்டுபிடிச்சா அஞ்சு பேருக்கும் காசு போயிடும். நோட்டு தொலைஞ்சதுன்னா என் கடிதத்தை ஏத்துக்குவாங்கன்னு நினைச்சேன். பழி யார் மேலயாவது விழும்னு நினைக்கலை." படிக்காரரைப் பார்த்தார். "டியூப் லைட் போட நான்தான் உன்னை அனுப்பினேன். அந்தச் சாவி நோட்டு என் ஞாபகத்துலயே இல்லப்பா."

அதிகாரி நோட்டை மூடினார். "இதை வச்சு என்னால ஒண்ணும் தர முடியாது. கடிதமும் முடியாது. மன்னிச்சுக்குங்க."

மாப் அக்கா நீரூற்றுத் திட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

படிக்காரர் வாசல் மேசையை நோக்கி நடந்தார். காலையில் அவரைத் திருடனாக்கிய நீள நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மேடம், சாவி எடுக்காம இங்க யாரும் வேலை பார்க்க முடியாது. பம்ப் ரூம் நான். ஸ்டோர் அக்கா. தினமும் நேரம் இருக்கு, கையெழுத்து இருக்கு. இது எங்க கம்பெனி நோட்டும் இல்ல."

"பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டது மேடம்" என்றார் வாசல்காரர், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி. "மாசா மாசம் எங்க சூப்பர்வைசர் வந்து முத்திரை வச்சுட்டுப் போவார். ஒரு பக்கம் கிழிஞ்சா என் வேலை போயிடும்."

அதிகாரி மேசை முன் உட்கார்ந்தார். முத்திரைகளைப் பார்த்தார். தேதிகளைப் பார்த்தார். தலைமை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, "ஆமாம், வேற கம்பெனியோட பதிவு... ஆமாம், தினசரி" என்றார். போனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். "ஒவ்வொருத்தரா வாங்க."

மதியம் 12.45.

படிக்காரரைத் தவிர மற்ற நான்கு பேருக்கும் முடிந்தது. மேனேஜர் பெயர் வந்தபோது அதிகாரி சாவி நோட்டை மறுபடி ஒருமுறை புரட்டினார். அவர் எந்தச் சாவியும் எடுத்ததில்லை.

"எனக்கு வேண்டாம் மேடம்" என்றார் அவர். "நான்தான் வரலையே."

இன்ஸ்பெக்டர் படிக்காரரைத் தனியே அழைத்தார். "பொய்ப் புகார் கொடுத்தது குத்தம். உன் பையைக் கொட்டினதுக்குக் காரணம் அவர்தான். எழுதிக் கொடுக்கிறியா?"

படிக்காரர் மேனேஜரைப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக் கையில் ஒரு லேபிளின் ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தது. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. டிபன் பாக்ஸ் மூடி உருண்ட சத்தம் இன்னும் காதில் இருந்தது.

"எழுதலை சார்" என்றார். "அவருக்கும் இன்னிக்கு அரை நாள் கூலி போச்சு. கிடங்குக்குப் போகச் சொல்லுங்க."

கடைசியாகப் படிக்காரர் முறை. அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். "எட்டு மாசம். பதினோரு நாள் கையெழுத்து இல்லை. நாளுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூத்தஞ்சு. ஆறாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தஞ்சு கழிக்கிறேன். சரியா?"

"சரிதான் மேடம். வரலை."

கையெழுத்துப் போட்டார். பணம் வங்கிக்குப் போய்விட்டதாகப் போன் கிணுகிணுத்தது. வெளியே வந்து மனைவியைக் கூப்பிட்டார். பின்னால் லாண்டரி மெஷின் சுற்றும் சத்தம்.

"வந்துடுச்சு" என்றார்.

"முழுசாவா?"

"ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரத்து இருநூற்று ஐம்பத்தஞ்சு."

அவள் கழித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

"ஆறாயிரத்து ஐந்நூத்தி நாப்பத்தஞ்சு குறையுதே. எவன் அடிச்சான்?"

"யாரும் அடிக்கலை. பதினோரு நாள் நான் வேலைக்குப் போகலை. அதுக்குப் பிடிச்சாங்க."

"எப்பப் போகலை? எனக்குத் தெரியாம எங்க..." அவள் பாதியில் நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்தில், இரும்பு ஸ்டூலில், அவர் உட்கார்ந்தபடியே தூங்கிய நாட்கள் அவை.

"சரி" என்றாள். "அது என் கணக்கு. தள்ளிடுங்க."

"தள்ளியாச்சு."

"வரும்போது அடகுக் கடை திறந்திருக்கான்னு பார்த்துட்டு வாங்க."